பழைய டிராக்டருக்குக் கண்ணாடிக் கிண்ண செடிமெண்டர்: போடலாமா?

ஓடுகிற டிராக்டர் நடுக்காட்டில் இழுத்து இழுத்து நின்றுபோனால், நம்ம பக்கம் முதலில் கழற்றுவது டீசல் பம்பைத்தான். பல நேரம் அது வீண் செலவு. பம்பில் கை வைப்பதற்கு முன் கண்ணாடிக் கிண்ணம் வைத்த செடிமெண்டர் ஒன்றை மாட்டுங்கள். உள்ளே பில்டர் கிடையாது. தண்ணீரும் மண்ணும் டீசலைவிடக் கனம் என்பதால் கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும். அடித்திருகைத் திறந்து வெளியே விட்டுவிடலாம்.

ஆனால் வாங்கப் போகும் முன் இரண்டு சோதனை. வண்டி நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்'ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் போதும், சாமானே வேண்டாம். அடுத்து, பீட் பம்பில் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துப் பில்டருக்குத் தள்ளும் சின்னப் பம்பு) சேரும் பைப்பைக் கழற்றி டீசலை ஒரு கேனில் பிடியுங்கள். முழு ஓட்டமாக ஆரம்பித்து நூலாக இளைத்தால் டேங்கிலிருந்து டீசல் வெளியேறும் வாயில் அடைப்பு. பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளில் வடிகட்டாமல் ஊற்றும் வண்டிகளில் தேங்காய் நார்கூடச் சிக்கியிருக்கும்.

இரண்டும் சரியென்றால் செடிமெண்டர் தன் வேலையைக் காட்டும். இன்ஜின் ஓடும்போது கிண்ணத்தில் குமிழி வருகிறதா? டேங்குக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் காற்று இழுக்கிறது. அடியில் தனியாகப் பிரிந்து நிற்கிறதா? தண்ணீர். கிண்ணம் தெளிவாக நிறைந்திருந்தும் நின்றால், அதற்கு அப்பால் பீட் பம்பையும் பில்டர்களையும் பாருங்கள்.

மாட்டும் இடம்தான் முக்கியம். பீட் பம்புக்கு முன்னால், டேங்குக்குக் கீழே, செங்குத்தாக இருக்க வேண்டும். பம்புக்குப் பின்னால் வைத்தால் தண்ணீர் பொடிப்பொடியாக அடிபட்டு டீசலோடு கலந்துவிடும், பிரியாது. பாஞ்சோ போல்ட் (பைப்பை இணைக்கும், உள்ளே டீசல் போகத் துளையுள்ள போல்ட்) ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் புதுச் செம்பு வாஷர் போடுங்கள்.

பிறகு ஏர் எடுக்க வேண்டும், அதாவது பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். முதல் பில்டரின் ஏர் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று டீசல் மட்டும் வரும்போதே, ஒழுக ஒழுக இறுக்குங்கள். அதேபோல் இரண்டாவது பில்டர், கடைசியில் டீசல் பம்பு. வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டியதுதான்.

குறை என்றால் கிண்ணத்தின் ரப்பர் வளையம். அது காய்ந்தாலோ மடிந்து உட்கார்ந்தாலோ அங்கேயே காற்று இழுக்கும். எந்தக் கோளாறைத் தேடினோமோ அதையே புதிதாக உண்டாக்கும். வாங்கும்போதே உபரி வளையம் கேட்டு வாங்குங்கள். கல் தெறிக்கும் இடமென்றால் முன்னால் ஒரு தகடு வையுங்கள்.

மூடியைத் திறந்தும் மாற்றமில்லை, சூடேறி நின்றால் ஆறிய பிறகே ஸ்டார்ட் ஆகிறது என்றால் இந்தச் சாமான் உதவாது. ரோட்டரி வகை டீசல் பம்பு உள்ள வண்டியானால் பம்பின் உள்ளே தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது பம்பைக் கழற்றி, டெஸ்ட் பெஞ்ச் (பம்பை ஓட்டிச் சோதிக்கும் மெஷின்) இருக்கும் பம்புக் கடைக்கே கொண்டுபோங்கள்.