உப்புக்காற்றில் சைக்கிள் பைகள்: நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பின்

சைக்கிளில் நான்கைந்து நாள் சுற்றி, கிடைத்த இடத்தில் கூடாரம் அடித்துத் தங்குவதற்கான பைகளைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் வாங்கிய சூட்டிலேயே எழுதப்படுகின்றன. எத்தனை லிட்டர் கொள்ளும், எவ்வளவு எடை, மழையில் நனையுமா என்பவற்றை அவற்றிலிருந்து தெரிந்துகொள்ளலாம். கடலுக்கு நடந்து போகும் தொலைவில், தண்டையார்பேட்டை வீடொன்றின் பரணில், ஆண்டின் பெரும்பகுதி சும்மா கிடக்கும் பை என்ன ஆகும் என்பது சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும். என்னிடமிருந்த சாமான்களில் சாலையில் கெட்டவை சிலவே. வீட்டில் கிடந்து கெட்டவை அதிகம்.

பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் பேனியர் பைகளில் இரண்டு வகைகளைப் பயன்படுத்தியிருக்கிறேன். ஒன்று, லாரித் தார்ப்பாயைப் போன்ற பிவிசி பூச்சுத் துணியில், தையல் இல்லாமல் வெப்பத்தால் ஒட்டிச் செய்யப்பட்டது. ஜிப் கிடையாது, வாயை மூன்று நான்கு சுற்று மடித்துப் பக்கிளில் மாட்ட வேண்டும். பக்கத்துக்கு 20 லிட்டர் கொள்ளும். மற்றொன்று, உட்புறம் பாலியூரித்தேன் பூசிய நைலான் பை. எடை குறைவு, அறைகள் பல, ஜிப்கள் பல, மேலே போர்த்த ஒரு மழையுறை. கடையில் வைத்துப் பார்க்கும்போது இரண்டாவதே மனத்தைக் கவரும். வடகிழக்குப் பருவமழையின்போது பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போகையில் அந்த உறை மேலிருந்து விழுந்த நீரைத் தடுத்தது; சக்கரம் வாரியடித்த சேற்றுநீரோ, கேரியரை ஒட்டிய முதுகுப்புறம் வழியாக உள்ளே இறங்கியது. துணிகளைத் தனித்தனி பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் இதைச் சமாளித்துவிடலாம்.

சமாளிக்க முடியாதது அந்தப் பூச்சு. பாலியூரித்தேன், ஈரமும் வெப்பமும் சேர்ந்த காற்றில் மெல்ல நீராற்பகுப்பு அடைந்து, அதாவது நீரோடு வினைபுரிந்து, சிதையும் தன்மையுடையது. முதலில் பையைத் திறந்ததும் ஒரு புளித்த வாடை வரும். பிறகு உட்புறம் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். கடைசியில் பூச்சு செதில் செதிலாக உரிந்து துணிகளின் மேல் விழும். துவைத்தாலும் வெயிலில் போட்டாலும் அது மீளாது. ஜிப்களின் உலோக இழுப்பான்கள் பச்சை பூத்து நின்றுவிட்டதற்குக் கடற்காற்று ஒரு காரணம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி மற்றொரு காரணம். நைலான் துணி மட்டும் இன்னும் புதிதாகவே இருக்கிறது என்பதுதான் எரிச்சலூட்டுகிறது.

பிவிசி பை இன்றும் உழைக்கிறது. ஒரே மடிப்பில் சுருட்டி வைத்தால் அந்தக் கோட்டில் வெடிப்பு விடும் என்பதால், வாயைத் திறந்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நிழலில் தொங்கவிடுகிறேன். அடிப்பக்கம் கிழிந்தபோது, ஆட்டோக்களுக்குக் கூரை தைக்கும் அண்ணன் ஒருவரிடம் கொடுத்தேன். ஊசி போட்டால் ஒவ்வொரு துளையும் ஒழுகும் என்று சொல்லி, தார்ப்பாய்த் துண்டொன்றைப் பசை தடவி ஒட்டிக் கொடுத்தார். அந்த ஒட்டு இதுவரை விடவில்லை.

பைகளைவிட அதிக கவனம் தேவைப்படுவது கேரியர். அதில் 25 கிலோ தாங்கும் என்று பொறித்திருந்தது. நான் ஏற்றிய சுமை ஒருபோதும் அந்த அளவை நெருங்கியதில்லை. சுமை செய்யாத கெடுதலை அதிர்வும் உப்பும் செய்தன. கேரியரைச் சைக்கிள் சட்டத்தோடு பிணைக்கும் எம்5 (5 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்கள் மோசமான சாலையில் ஒரே நாளில் தளரக்கூடியவை. ஆகவே ஒவ்வொரு காலையும் ஆலன் கீயால் ஒரு முறை இறுக்கிப் பார்த்த பிறகே கிளம்புவது வழக்கமாகிவிட்டது. துத்தநாக முலாம் பூசிய போல்ட்கள் விரைவில் துருவேறின. துருப்பிடிக்காத எஃகு போல்ட்களை மாற்றிப் போட்டால் வேறொரு தொல்லை உண்டு: அலுமினியச் சட்டத்துக்குள் உப்பீரத்தோடு கிடக்கையில் இரு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு ஏற்பட்டு, அலுமினியம் வெள்ளைப் பொடியாகி, போல்ட்டைக் கழற்ற முடியாதபடி கவ்விக்கொள்ளும். புரியில் தாராளமாகக் கிரீஸ் தடவி, மழைக்காலம் முடிந்ததும் கழற்றித் துடைத்து மீண்டும் தடவினால் இது வராது. கேரியரே உடைந்தால் என்ன செய்வது என்பதையும் வாங்கும்போதே எண்ண வேண்டும். இரும்புக் கேரியரைத் தடாவிலோ சூளூர்ப்பேட்டையிலோ ஏதாவதொரு வெல்டிங் பட்டறையில் பற்றவைத்துக்கொள்ளலாம். அலுமினியத்தைத் தொடச் சாதாரணப் பட்டறைக்காரர் தயங்குவார். எடை கூடினாலும் என் தேர்வு இரும்புதான்.

சாமான் அடுக்குவதில் நான் பின்பற்றுபவை இரண்டு. கனமானவை பையின் அடியில், சக்கர அச்சுக்கு அருகில் இருக்க வேண்டும். இடமும் வலமும் எடை ஒத்திருக்க வேண்டும். கனம் கேரியரின் மேல்தட்டுக்கு ஏறினால், பாலம் ஏறும்போது எழுந்து மிதிக்கையில் வண்டி இருபுறமும் ஆடும். எல்லாமே பின்னால் தொங்கினால் முன்சக்கரம் இலேசாகிக் கைப்பிடி நில்லாது. லாரி உரசிக்கொண்டு போகும் சாலையில் அந்த ஆட்டம் ஆபத்தானது. கருவிகளையும் தண்ணீரையும் அதனால்தான் சட்டத்தின் முக்கோணத்துக்குள் ஒரு சிறு பையில் வைக்கிறேன். மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்காதபடி கொக்கிகளைச் சரிசெய்து பையைப் பின்னுக்குத் தள்ளி மாட்டுவதும் கிளம்புவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.

கூடாரத்தைப் பொறுத்தவரை, ஆணி அடிக்காமல் தானே நிற்கும் வகையே நம் பக்கத்துக்கு ஏற்றது. பள்ளித் திண்ணை, கோயில் மண்டபம், பெட்ரோல் பங்கின் ஓரம் என்று அனுமதி கேட்டுத் தங்கும் இடங்களில் சிமெண்டுத் தரையே மிகுதி. கடற்கரை மணலிலும் ஆணி பிடிக்காது, பையில் மணலை நிரப்பிப் புதைத்துத்தான் கயிற்றைக் கட்ட வேண்டும். உள்ளறை முழுக்க வலையாக இருந்தால் புழுக்கம் குறையும், கொசுவும் வராது. ஸ்லீப்பிங் பேக் இங்கே வெறும் சுமை. ஒரு பருத்திப் போர்வை போதும். காற்றடைக்கும் மெத்தையின் ஒட்டுகள் பரண் சூட்டில் விட்டுப்போயின; மடிக்கும் நுரைப்பாய் இடத்தை அடைத்தாலும் அதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. அடுப்பு கொண்டு போவதை விட்டுவிட்டேன், வழியெங்கும் டீக்கடைகள் இருக்கின்றன.

கூடாரக் கம்பிகளுக்குள் ஓடும் எலாஸ்டிக் கயிறு இப்போது தொய்ந்துபோய்விட்டது. கம்பித்துண்டுகள் ஒன்றோடொன்று தாமாகப் பொருந்துவதில்லை, கையால் ஒவ்வொன்றாகச் செருக வேண்டியிருக்கிறது. அதே தடிமனில் புதுக் கயிறு வாங்கிக் கோத்துவிட்டால் கூடாரத்தில் மாற்றுவதற்கு வேறொன்றும் இல்லை.