கிளட்ச் நல்லது, பேரிங்தான் சனியன்: நைட்ரோ டிரக் அனுபவம்

நைட்ரோ கலந்த எரிபொருளில் ஓடும் என் ரிமோட் கண்ட்ரோல் டிரக்கில் மறுபடியும் கிளட்ச் பெல் பேரிங் போய்விட்டது. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை, டிஃபரன்ஷியல் கல்லுமாதிரி இருக்கிறது, ஷாக் அப்சார்பரில் ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை. இவ்வளவு பெரிய வண்டியில் விரல் நுனியில் அடங்கும் இரண்டு பேரிங் மட்டும் என்னோடு ஒத்துப்போக மாட்டேன் என்கின்றன. 1/8 அளவு மான்ஸ்டர் டிரக், 3.5 சிசி இன்ஜின், மூன்று ஷூ கிளட்ச். எல்லாருக்கும் தெரிந்த அமைப்புதான், அதனால் மற்றதை விட்டுவிட்டுக் கிளட்ச்சைப் பற்றி மட்டும் பேசுகிறேன். எரிச்சலில்தான் எழுதுகிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எரிச்சல் இருந்தாலும் நியாயம் என்று ஒன்று உண்டு. கிராங்க் ஷாஃப்ட்டில் ஒரு ஃபிளைவீல், அதன் பின்களில் மூன்று ஷூ (உரசிப் பிடிக்கும் கட்டைகள்), ஒவ்வொன்றையும் உள்பக்கமாக அமுக்கிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங், எல்லாவற்றையும் மூடிக்கொண்டு, சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பல்லோடு கூடிய கிண்ணம் போன்ற பெல். இன்ஜின் வேகம் ஏறினால் ஷூ விரிந்து பெல்லைக் கவ்வும், இறங்கினால் விட்டுவிடும். லீவர் கிடையாது, கேபிள் கிடையாது, இதற்கென்று ஒரு சர்வோ மோட்டாரும் கிடையாது. திராட்டிலை அழுத்தியதும் இன்ஜின் ஒரு நொடி உறுமி, டிரக் பின்பக்கம் குந்தி, மண்ணை வாரி இறைத்துக்கொண்டு கிளம்புமே, எலக்ட்ரிக் வண்டிகளை எத்தனை பேர் புகழ்ந்தாலும் நான் இன்னும் இதையே கட்டிக்கொண்டு அழுவது அந்த ஒரு நொடிக்காகத்தான்.

வாங்கும்போது நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஸ்பிரிங்கில் கிடைத்தது. கம்பியின் தடிமன் 0.9, 1.0, 1.1 மி.மீ. என்று வரும். கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. 0.9 போட்டால் கிளட்ச் சீக்கிரமே பிடித்துவிடும், வண்டி சாதுவாக நகரும், வழுக்கும் தரையில் டயர் வீணாகச் சுழலாது. 1.1 போட்டால் இன்ஜின் நன்றாக வேகம் எடுத்த பிறகுதான் பிடிக்கும், அப்போது பாய்ச்சல் வேறு மாதிரி இருக்கும். ஷூவை மாட்டும் திசைக்கும் பங்கு உண்டு. அதன் விரியும் முனை சுழலும் திசையைப் பார்த்திருந்தால் உராய்வே அதை இன்னும் வெளியே தள்ளும், வெடுக்கென்று கவ்வும். பின்னால் இழுபட்டு வரும்படி மாட்டினால் வழுக்கி வழுக்கி மென்மையாகப் பிடிக்கும். அலுமினிய ஷூ அழுத்தமாகப் பிடித்து நாள்பட உழைக்கும், பெல்லின் உட்சுவரைத்தான் கொஞ்சம் தின்னும். காம்போசிட் ஷூ பதமாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். இரண்டையும் கலந்து போடுகிறவர்களும் உண்டு. எனக்கு மூன்றும் அலுமினியம், 1.0 ஸ்பிரிங், பின்னிழுக்கும் திசை. இதற்கு வந்து சேர்ந்த பிறகு மாற்றத் தோன்றவில்லை.

இவ்வளவு அழகாக யோசித்த ஒரு கிளட்ச்சை அதே கையால் 5×10×4 மி.மீ. (உள்விட்டம், வெளிவிட்டம், அகலம்) பேரிங் இரண்டின் மேல் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பேரிங்கின் வேலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டிரக் முழு வேகத்தில் பறக்கும்போது ஷூ பெல்லைக் கெட்டியாகப் பிடித்திருக்கும். கிராங்க்கும் பெல்லும் ஒரே வேகத்தில் சுற்றும், அதனால் பேரிங்கின் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே சுழற்சியே இருக்காது. அதற்கு அப்போது ஓய்வு! வண்டி நிற்கும்போதும், கிளட்ச் பாதி பிடித்து வழுக்கும்போதும்தான் அது உழைக்கிறது. உள்ளே கிராங்க் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும், வெளியே பெல் அசையாமல் நிற்கும், இல்லையென்றால் அதைவிட மெதுவாகச் சுற்றும். அதோடு ஷூ உரசிய சூடு நேராகப் பெல்லில் இறங்கும், பெல்லிலிருந்து பேரிங்குக்கு. உள்ளே இருக்கும் கிரீஸ் வெந்துபோகும். அதன்பிறகு புழுதி உள்ளே வர யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு அரட்டை அடித்தபடி ஐடிலில் விட்டுவைப்பதும், திராட்டிலைக் கால்வாசி அழுத்தி ஊர்ந்து ஊர்ந்து ஓட்டுவதும் முழு வேக ஓட்டத்தைவிடப் பேரிங்குக்கு மோசம் என்பது இதனால்தான்.

போகிற பேரிங் நேர்மையாகப் போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது கார்புரேட்டர் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகிறது. முதலில் ஐடிலில் நிற்கும் வண்டி மெல்ல நகரப் பார்க்கும். அடுத்து, பிரேக் பிடித்தால் இன்ஜின் அணையும். பார்க்கிறவர் என்ன நினைப்பார்? ஐடில் ஸ்க்ரூவைத் திருகுவார், எரிபொருள் அளவைத் திருத்தும் லோ ஸ்பீடு நீடிலைத் தொடுவார், க்ளோ பிளக்கை மாற்றுவார். நல்லபடியாக இருந்த டியூனிங்கும் கெடும். உண்மையில் நடப்பது இதுதான்: பேரிங் இறுகியதால் பெல் கிராங்க்கோடு சேர்ந்தே சுற்றுகிறது, பிரேக் சக்கரத்தை நிறுத்தும்போது அந்தப் பிடி கிராங்க் வரைக்கும் போய் இன்ஜினையும் நிறுத்திவிடுகிறது. முறிந்த ஸ்பிரிங்கும் இதே வேஷம் போடும். ஆகவே ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் வண்டியைத் தூக்கிப் பிடித்து ஐடிலில் சக்கரம் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் முதலில் ஐடில் வேகம் கூடுதலா என்று பார்க்க வேண்டும். அது சரி என்றால் கார்புரேட்டரைத் தொடாதீர்கள், பெல்லைக் கழற்றுங்கள்.

இந்த முறை கழற்றியபோது கண்டதைச் சொல்கிறேன். சேசிஸுக்கு அடியிலிருந்து இன்ஜின் மவுண்ட் ஸ்க்ரூக்களை எடுத்து இன்ஜினை வெளியே எடுத்தேன். பெல்லைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ அமைதியாகவே வந்தது. பெல்லை இழுத்தால் பேரிங்கில் பாதிதான் கூட வந்தது. வெளிவளையம் பெல்லுக்குள், உள்வளையம் கிராங்க் நுனியில், நீலம் பாரித்து. பேரிங்கின் குட்டிக் குண்டுகள் ஷூக்களின் இடுக்கில் கறுப்புப் பசையில் புதைந்து கிடந்தன. குண்டைத் தாங்கும் மெல்லிய தகட்டுக் கூடு பொடிப்பொடியாகி ஃபிளைவீலின் முகத்தில் வட்டம் வட்டமாகக் கீறியிருந்தது. பெல்லின் வெளிப்புறத்திலும் ஊதா நிற வளையம். ஒரு பேரிங்கின் விலை எவ்வளவோ இருக்கட்டும், அது போகும்போது இழுத்துக்கொண்டு போகும் சாமான்களின் விலைதான் கோபத்தைக் கிளப்புகிறது.

மறுபடி மாட்டுவது தனி வேலை. ஃபிளைவீலையும் எடுக்க வேண்டியிருந்தால் அதைப் பிடிக்க உரிய ரென்ச்சையே பயன்படுத்துங்கள். எக்ஸாஸ்ட் துளையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டுப் பிஸ்டனை நிறுத்தும் வழியைச் சிலர் சொல்லித் தருகிறார்கள், கேட்காதீர்கள், பிஸ்டனும் ஸ்லீவும் கீறிவிடும். ஷூக்களில் முதல் இரண்டு சமர்த்தாக உட்காரும். மூன்றாவது ஸ்பிரிங்தான் பல்லைக் கடிக்க வைக்கும், நுனியில் பள்ளம் வெட்டிய கருவி இல்லாவிட்டால் அறையின் எந்த மூலைக்குப் பறந்தது என்று தேட வேண்டியதுதான். ஒரு ஷூ தேய்ந்திருந்தால் மூன்றையும் மாற்ற வேண்டும், ஸ்பிரிங்குக்கும் அதே கதை. பளபளவென்று வழவழப்பேறிய பெல்லின் உட்சுவரைச் சாண்ட் பேப்பரால் லேசாகச் சுரண்டி, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் கிளீனரில் கழுவி மாட்டினால் பிடிப்பு திரும்ப வருகிறது.

பிறகு ஷிம், அதாவது ஆட்டத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய வளையத் தகடு. பெல்லை முன்னும் பின்னும் அசைத்தால் மயிரிழை அளவு ஆட்டம் இருக்க வேண்டும், 0.2 மி.மீ. சுற்று இருந்தால் போதும். ஆட்டமே இல்லையென்றால் சூடேறியதும் பேரிங் நெருக்கப்படும், அதிகமானால் பெல் ஃபிளைவீலில் உரசும். ஸ்க்ரூ தானாகக் கழலாமல் இருக்க நீல த்ரெட் லாக்கர் பசை ஒரு துளி, பேரிங்குக்குள் போகாமல். பெல்லின் பல்லையும் அதோடு கோத்துச் சுற்றும் பெரிய ஸ்பர் கியரையும் ஒரு துண்டுக் காகிதத்தை இடையில் விட்டு இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். கியர் இறுக்கமாக இருந்தால் அந்தப் பளு முழுக்க இந்தப் பாவப்பட்ட பேரிங்கின் மேல்தான் விழும். ஓட்டி முடித்ததும் டேங்கில் எரிபொருளை விட்டுவைக்காதீர்கள், அதில் இருக்கும் மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

"ரப்பர் சீல் போட்ட பேரிங் வாங்கு" என்பார்கள். வாங்கினேன். புழுதி உள்ளே போகவில்லை, ரப்பர்தான் சூட்டில் சுருண்டது. "உலோக மூடி போட்டது வாங்கு" என்பார்கள். அதுவும் வாங்கினேன். சூட்டைத் தாங்கியது, புழுதியைத் தாங்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் கண்டுபிடிக்கும் வரை, ஓட்டப் போகும் ஒவ்வொரு முறையும் உதிரிப் பெட்டியில் ஒரு ஜோடி இருக்கத்தான் வேண்டும். டிரக்கின் கையேடோ இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. கிளட்ச்சை அவ்வப்போது பரிசோதிக்கவும் என்று ஒரு வரி. அவ்வப்போது என்றால் எப்போது? ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் என்று எழுதியிருந்தால் யாரும் வாங்க மாட்டார்கள் என்ற பயமோ என்னவோ.

தெரிந்த ஒருவர் இதே மாடலைச் செகண்ட் ஹேண்டில் எடுக்கப் பார்க்கிறார், என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றுதான் சொன்னேன். மேலே கிளட்ச்சை இத்தனை மெச்சிவிட்டு இப்படிச் சொல்வது பொருந்தவில்லை என்றால், ஆம், பொருந்தவில்லை. பெல் மேசை மேல் கிடக்கும்போது கேட்டால் அதுதான் பதில். அவர் கேட்பதாகவும் இல்லை, எடுக்கத்தான் போகிறார். சரி, எடுக்கிறதென்றால் இன்ஜினின் கம்ப்ரஷனை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள் என்றேன். இன்ஜின் அணைந்திருக்கும்போது ஸ்பர் கியரை விலக்கிவிட்டுப் பெல்லை விரலால் சுற்றிப் பாருங்கள், தடங்கலோ கரகரப்போ இருக்கக் கூடாது. பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பல் நுனிகள் கூராகத் தேய்ந்திருக்கின்றனவா, பெல்லில் நீலமோ ஊதாவோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், பெல், ஷூ, ஸ்பிரிங், பேரிங் எல்லாவற்றுக்கும் சேர்த்து விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். விற்கிறவர் "அது இன்ஜின் சூடு, எல்லா வண்டியிலும் அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.