பழைய அம்பாசடருக்கு "கூலிங் அப்கிரேடு" செய்பவர்கள் உஷார்: முள் இறங்கினால் சூடு இறங்கியதாக அர்த்தமில்லை

வண்டி மார்க் 4 அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். ஊருக்குள் தொந்தரவு இல்லை. ஹைவேயில் 80 கிலோமீட்டர் வேகத்தில் இருபது நிமிடம் போனால் டெம்பரேச்சர் மீட்டரின் முள் சிவப்புக்கு ஏறும். சென்னையில் பழைய கார்களுக்கென்றே நடக்கும் ஒரு பட்டறை இதற்கு மொத்தமாக ₹38,500 வாங்கியது. பில்லில் இருந்தவை: ரேடியேட்டருக்கு 4 வரிசை டியூப் கொண்ட புதுக் காப்பர் கோர், எலக்ட்ரிக் ஃபேன், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடான பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு), ஹோஸ் செட். டெலிவரி அன்று முள் நடுக்கோட்டுக்குக் கீழேயே நின்றது. மூன்றாவது வாரம் மேல்மருவத்தூர் தாண்டி ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போனது. அப்போதும் முள் அங்கேயேதான் நின்றது.

முள் ஏறாததற்குக் காரணம், இன்ஜின் தண்ணீரின் சூட்டை அளந்து மீட்டருக்குச் சொல்லும் டெம்பரேச்சர் யூனிட்டின் ஒயரில் இருந்தது. கருப்பு டேப்பைப் பிரித்தால் உள்ளே 22 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. சூடு ஏற ஏற அந்த யூனிட்டின் மின்தடை குறையும், அதற்கேற்ப முள் ஏறும். நடுவில் கூடுதல் தடையைச் சொருகிவிட்டால் தண்ணீர் கொதித்தாலும் முள் பாதியில் நின்றுவிடும். இன்ஜினைக் குளிர வைக்காமல் மீட்டரைக் குளிர வைத்திருக்கிறார்கள். பில்லில் இருந்ததில் பெரும்பாலானது பணம் பிடுங்கிய வேலை. இது இன்ஜினையே கொல்கிற வேலை.

மின்சாரத்தில் வேலை செய்யும் டெம்பரேச்சர் மீட்டர் உள்ள எந்தப் பழைய வண்டியிலும் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு யூனிட்டைக் கழற்றி, வண்டியின் ஒயரை அதில் மாட்டுங்கள். யூனிட்டின் பித்தளை உடம்பிலிருந்து தனி ஒயர் ஒன்றை எடுத்து இன்ஜினில் எர்த் கொடுங்கள். யூனிட்டின் முனையைக் கொதிக்கும் நீரில் பிடித்து இக்னிஷனைப் போட்டு, ஒரு நிமிடம் பொறுத்து முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடலோர ஊர்களில் அதுதான் 100 டிகிரி. முன்னதாக இக்னிஷன் காயிலுக்கு வரும் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் மூடிய நிலையில் இக்னிஷன் ஓடினால் காயில் வெந்துபோகும். இந்த வண்டியில் கொதிநீருக்கு முள் நடுவைக்கூடத் தாண்டவில்லை. ரெசிஸ்டரை எடுத்ததும் சிவப்புக்குப் போனது.

அடுத்தது கோர். "புதுசு" என்றது பழைய 3 வரிசைக் கோர்தான், மேலே கெட்டியாகக் கருப்புப் பெயின்ட். மேல் டேங்கைப் பிரித்தபோது பதினோரு டியூப்களின் வாய் ஈயம் வைத்து அடைபட்டிருந்தது. ஒழுகும் டியூபை இப்படி அடைப்பது பழைய வழக்கம்தான். இரண்டு மூன்று என்றால் பரவாயில்லை. பதினொன்று போனால் நெடுஞ்சாலைச் சூட்டைத் தாங்காது. மிச்ச டியூப்களிலும் மஞ்சள் நிறத்தில் கசடு: யாரோ எப்போதோ ஒழுகலை நிறுத்த மஞ்சள்தூள் கொட்டியிருக்கிறார்கள். வழியில் மாட்டிக்கொண்டவர் வீடு வந்து சேர அது உதவும். சேர்ந்த கையோடு கழுவி எடுக்காவிட்டால் அதே தூள் டியூபில் படிந்து அடைத்துக்கொள்ளும். போர் தண்ணீரின் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ரேடியேட்டரைக் கழற்றாமலே அடைப்பைப் பிடிக்க வழி இருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் கோரின் முகத்தைக் கட்டம் கட்டமாக அளந்து பாருங்கள். சூடு மேலிருந்து கீழே சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் சில்லென்றிருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. பளபளக்கும் பித்தளையில் இந்தக் கருவி தப்பாகக் காட்டும். கருப்புப் பெயின்டிலோ ரப்பர் ஹோஸிலோதான் வைக்க வேண்டும்.

4 வரிசை என்றாலே நல்லது என்றும் நம்ப வேண்டாம். முன் வரிசைகளில் சூடேறிய காற்றுதான் பின் வரிசைக்குப் போகிறது, தடிமன் கூடினால் ஃபேனும் அதிகமாக இழுக்க வேண்டும். அடைப்பில்லாத பழைய அளவுக் கோரே இந்த இன்ஜினுக்குப் போதும்.

ஃபேன் விஷயம் இன்னும் மோசம். ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று இழுக்க வேண்டிய ஃபேனை முன்னால் மாட்டி, காற்று உள்ளே போகட்டும் என்று ஒயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். காற்று திசை மாறும், ஆனால் இறக்கையின் வளைவு எதிர்ப்பக்கம் இருப்பதால் பாதி வேலைகூட நடக்காது. போதாக்குறைக்கு ஹைவேயில் தானாக வரும் காற்றையும் அது மறைத்தது. ஃபேனைப் பிடித்து நிறுத்தியது கோரின் ஊடாகக் குத்திய பிளாஸ்டிக் டை. வண்டி அதிர அதிர அது டியூபை அறுக்கும். ரிலே இல்லை, ஃபியூஸ் இல்லை. இத்தகைய ஃபேன்கள் பல 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் தருவதே 22 ஆம்பியர்தான், ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. டைனமோ வண்டிக்கு எலக்ட்ரிக் ஃபேன் போடச் சொல்பவரிடம் முதலில் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

தெர்மோஸ்டாட் புதிது என்று பில், ஹவுஸிங் உள்ளே காலி. வெயில் ஊருக்கு அது தேவையில்லை என்பது தவறு. அது தரும் தடையால்தான் பிளாக்குக்குள் பம்பின் அழுத்தம் நிற்கிறது, ஹெட்டில் நீராவிக் குமிழ் கட்டாமல் இருக்கிறது. கீழ் ஹோஸில் ஸ்பிரிங்கும் இல்லை. அதிவேகத்தில் பம்ப் உறிஞ்சும்போது ஹோஸ் சப்பிப்போகும். போனெட்டைத் திறந்து ஒருவர் ஆக்சிலரேட்டரைத் தூக்கிப் பிடித்தால் கண்ணாலேயே பார்க்கலாம். பம்ப் மட்டும் உண்மையிலேயே புதிது.

பட்டறைக்குப் போகும் முன் நோயை நீங்களே கண்டுபிடியுங்கள். நெரிசலில் மட்டும் சூடேறினால் காற்றுக் குறை: ஃபேன், பெல்ட், ரேடியேட்டரைச் சுற்றியுள்ள சந்துகள். நீண்ட பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் அரை அங்குலம் தணிய வேண்டும். வேகத்தில் மட்டும் சூடேறினால் தண்ணீர் ஓட்டம்: கோர், கீழ் ஹோஸ், பம்ப். இரண்டிலும் சூடேறினால் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறதா, டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் டயஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளாக்கின் வடிகால் குழாயைத் திறந்தால் தண்ணீர் பீறிட வேண்டும். சொட்டினால் உள்ளே சேறு. ஒரு கம்பியால் குத்திவிட்டுப் பின்புறச் சிலிண்டர் பக்கம் நன்றாகக் கழுவ வேண்டும்.

வேலை கொடுக்கும்போது பில்லில் வரிசை எண்ணிக்கையை எழுதி வாங்குங்கள். டேங்கை ஈயம் வைத்து மூடும் முன் கோரின் போட்டோ கேளுங்கள். பழைய பாகங்கள் எல்லாம் திரும்பி வர வேண்டும். பழைய கோர் காப்பர், அதற்கே காசு உண்டு. ஏற்கெனவே ஏமாந்திருந்தால் எதையும் சரிசெய்யும் முன் ரெசிஸ்டரையும் அடைத்த டியூப்களையும் இருக்கிற இடத்திலேயே படம் எடுத்து, இன்னொரு மெக்கானிக்கிடம் எழுத்தில் ரிப்போர்ட் வாங்குங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை.