மொறிஸ் மைனருக்கு ஐரோப்பிய பக்க லைட்: மூன்று மாரிக்குப் பிறகு

திருகோணமலையில் நாளாந்தம் ஓடும் மொறிஸ் மைனர் 1000 என்ற பழைய பிரித்தானியக் கார் ஒன்றில் பூட்டிய இரண்டு சாமான்களைப் பற்றியது இது. ஒன்று, பக்க லைட்: முன் மட்கார்ட்டின் பக்கத்தில் மஞ்சள் சிக்னல் லைட். மற்றது, ஹெட்லைட் கிண்ணத்துக்குள் 4 வாட் வெள்ளைப் பார்க் லைட், கார் நிற்பதைக் காட்டும் சின்ன லைட். மூன்று மாரி போய்விட்டது. ஒரு பல்ப்கூட எரிந்துபோகவில்லை. வந்த வில்லங்கம் முக்கால்வாசியும் எர்த்தால், அதாவது லைட்டைக் காரின் தகரம் வழியாகப் பற்றரியோடு சேர்க்கும் இணைப்பால் வந்தது.

ஹெட்லைட்டுக்குக் கீழே வெள்ளைக் கண்ணாடி உள்ள மைனர்களில் பார்க்கும் சிக்னலும் ஒரே இரட்டை இழை பல்ப்பில் இருக்கும். கடல் பளபளக்கும் வெயிலில் உட்துறைமுக வீதியில் அந்த வெள்ளை மினுக்கம் எதிரே வருபவர் கண்ணில் படாது. பார்க்கை மேலே ஹெட்லைட்டுக்குள் ஏற்றினால் கீழ்க் கிண்ணம் சிக்னலுக்கு மட்டும் மிஞ்சும். அந்த ஹோல்டரில் இருந்து பார்க்குக்குரிய சிவப்பு வயரைக் கழற்றி நுனியை மூடிவிட்டு, மஞ்சள் நிற இரட்டை இழை பல்ப்பைப் போட்டால் போதும். 1961க்கு முந்திய, சிக்னலுக்குப் பக்கவாட்டில் கைகாட்டி எழும்பும் வண்டி என்றால் அந்தக் கையை மட்டும் கழற்றி எறியாதீர்கள். அது பாட்டில் கிடக்கட்டும்.

மேலே பார்க் வைக்க, 7 அங்குல சீல்ட் பீமை (கண்ணாடியும் இழையும் ஒன்றாக மூடிய ஹெட்லைட்) கழற்றி, பின்புறம் பார்க் பல்ப்புக்குச் சிறு துளையுள்ள, எச்4 பல்ப்பைத் தனியே மாற்றக்கூடிய கிண்ணம் போடவேண்டும். பார்க் இரண்டும் சேர்ந்து 8 வாட், முக்கால் அம்பியர்கூட இல்லை. 22 அம்பியர் டைனமோவுக்கு அது தூசு. எச்4 பெரிய வெளிச்சம் இரண்டும் 10 அம்பியர் இழுக்கும். அதற்கு ரிலே (பெரிய மின்சாரத்தைத் தாங்கும் தனிச் சுவிச்) போடாமல் பழைய சுவிச்சை நம்பவேண்டாம்.

பக்க லைட் வாங்கும்போது கண்ணாடியில் ஐரோப்பிய அங்கீகார முத்திரையான, வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் நாட்டு இலக்கமும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்: 1 ஜேர்மனி, 4 நெதர்லாந்து, 11 பிரித்தானியா. ஐரோப்பிய விதிப்படி அது காரின் முன்நுனியில் இருந்து 1.8 மீற்றருக்குள், நிலத்தில் இருந்து 35 சென்ரிமீற்றருக்கு மேலே இருக்கவேண்டும். மைனரில் முன் சில்லு வளைவுக்குப் பின்னால், கதவுக்கு முன்னால் உள்ள இடம் சரியாக வரும். முதலில் 3 மில்லிமீற்றர் துளை, பிறகு படிப்படியாக அகலும் படி பிற்று. துளை விளிம்புக்குப் பிறைமர் இரண்டு கை அடித்து ஒரு நாள் காயவிட்ட பிறகே றப்பரை ஏற்றவேண்டும். இங்கே அவசரப்பட்டால் அடுத்த மாரிக்குள் பெயின்ற்றுக்குக் கீழே கறள் ஊர்ந்துவிடும்.

மைனரின் மின்சாமான் கம்பனியான லூக்காஸின் வயர் நிறம் எளிது. சிவப்பு பார்க், பச்சையில் சிவப்புக் கோடு இடது சிக்னல், பச்சையில் வெள்ளைக் கோடு வலது சிக்னல், கறுப்பு எர்த். ஆனால் அறுபது வருடச் சேறு காய்ந்த வயரில் இரண்டு கோடும் ஒரே மண் நிறம்தான். ரெஸ்ற் லைட்டை வைத்தே முடிவெடுங்கள். பழைய மைனரில் பார்க்குக்கும் ஹெட்லைட்டுக்கும் பியூஸே கிடையாது; புதிதாக எடுக்கும் பார்க் வயருக்கு 5 அம்பியர் பியூஸ் போடுங்கள். வயர் 1 சதுர மில்லிமீற்றர், படகு வேலைக்கு விற்கும் வெள்ளீயம் பூசியது. 12 மீற்றர் போதும். சாதாரணச் செம்பு வயர் நிலாவெளிக் காற்றுக்கு உறைக்குள்ளேயே கறுத்துவிடும்.

இனி எர்த். மைனரின் மட்கார்ட் பொடியோடு (காரின் உடம்போடு) ஒட்டியதல்ல. நடுவில் பிளாஸ்ரிக் பீடிங் ஓட, போல்ற்றால் பூட்டியது. லைட்டின் எர்த் மட்கார்ட்டில் இருந்து அந்த போல்ற்றுகள் வழியாகத்தான் பொடிக்குப் போகும். முதல் மாரி முடிய முன்னமே இடது சிக்னல் போட்டால் இடது பார்க்கும் சேர்ந்து மங்கலாகத் துடித்தது. சிக்னல் மின்சாரம் எர்த் கிடைக்காமல் பார்க் இழை வழியே பின்வாங்கி, மற்ற லைட்டுகளூடாகப் பொடியைத் தேடுகிறது என்று அர்த்தம். லைட் எரியும்போது அதன் எர்த் முனைக்கும் பற்றரி எர்த்துக்கும் இடையே மீற்றரை வைத்தால் 1.3 வோல்ட் காட்டியது. 0.1க்கு மேல் காட்டினாலே பழுதுதான். போல்ற் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் வோசருக்குக் கீழே கறள் தூள், பக்கத்தில் பச்சைக் களிம்பு.

ஒவ்வொரு லைட்டுக்கும் தனிக் கறுப்பு வயர் இழுத்து, பற்றரித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் பூட்டிய பிறகு அளவு 0.04 வோல்ட்டுக்கு இறங்கியது. அந்த இடத்தை வெள்ளைத் தகரம் தெரிய உரஞ்சி, பல் வோசர் வைத்து இறுக்கி, மேலே வசலின் பூசவேண்டும். வயர் முனைக்குச் சொல்டர் வைக்காதீர்கள்; சொல்டர் ஊறிய இடம் விறைத்து, அதிர்வில் அதன் கழுத்திலேயே முறியும். முனையை நசுக்கிப் பிடிக்கும் கிறிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய் போட்டவை இன்றுவரை அசையவில்லை.

அடுத்த தலையிடி ஃபிளாஷர், சிக்னலை விட்டுவிட்டு மினுக்கவைக்கும் சாமான். பழைய லூக்காஸ் ஃபிளாஷர் 42 வாட்டுக்கு, அதாவது 21 வாட் பல்ப் இரண்டுக்குச் செய்தது. பக்க லைட்டின் 5 வாட் சேர்ந்ததும் தாளம் பிசகிவிட்டது. நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை என்பதுதான் ஐரோப்பிய அளவு. எலக்ட்ரோனிக் ஃபிளாஷர் வாங்கும்போது கவனம்: மைனர் பொசிட்டிவ் எர்த், அதாவது பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் பொடியில் பூட்டியிருக்கும். எர்த் கால் வைத்த மூன்று கால் ஃபிளாஷர் உதவாது. இரண்டு கால் உள்ளதை வாங்கி, பி (பற்றரி), எல் (லைட்) இரண்டு காலையும் இடம் மாற்றிப் பூட்டினால் வேலை செய்யும். அதில் எச்சரிக்கை பல்ப்புக்குரிய கால் இல்லாததால் சிக்னல் பிடியின் நுனி வெளிச்சம் செத்துவிடும். மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் 1என்4001 டயோட் இரண்டை அந்த பல்ப் வயரில் இருந்து இடது, வலது சிக்னல் வயர்களுக்கு ஒவ்வொன்றாகப் போடுங்கள். பொசிட்டிவ் எர்த் என்பதால் வெள்ளிக்கோடு உள்ள முனை சிக்னல் பக்கம் இருக்கவேண்டும்.

பக்க லைட்டுக்கு எல்.ஈ.டி போட்டால் பழைய ஃபிளாஷரே தாங்கும், உண்மைதான். எரியாவிட்டால் பல்ப்பைப் பிடுங்கித் திருப்பிச் செருகினால் சரி. என்றாலும் ஈ முத்திரை இழை பல்ப்புக்குக் கொடுத்தது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும் விதம் மாறிவிடுவதால் எல்.ஈ.டியைத் திரும்பக் கழற்றியாயிற்று.

அமெரிக்க முறையில் பக்க லைட்டை எர்த்தே இல்லாமல் பார்க் வயருக்கும் சிக்னல் வயருக்கும் நடுவில் கட்டுபவர்களும் உண்டு. இழை பல்ப்பில் அது எரியும். ஆனால் பார்க் போட்டிருக்கும்போது முன் சிக்னல் அணையும் நேரம் பக்க லைட் எரியும். இரவில் பார்ப்பவருக்குக் குழப்பம்தான்.

இப்போது மிச்சம் இருப்பது வலது பக்க லைட்டின் கண்ணாடிக்குள் கட்டும் வேர்வை. பூட்டும்போது மேல்பக்கக் குறியைக் கவனிக்காமல் தலைகீழாகப் பூட்டியதால் வடிதுளை மேலே போய்விட்டது. சுற்றிவரச் சிலிக்கன் அடித்து மூடினால் உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. கழற்றித் திருப்பிப் பூட்டவேண்டும். ஐப்பசி மழைக்கு முன் செய்யவேண்டிய அரை மணிநேர வேலை.