ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை: நல்ல மருந்துதான், நேரம் தவறினால் பொறுக்காது

ஷீஹன் நோய் (பிரசவ ரத்தப்போக்கால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பழுதாவது), பிட்யூட்டரி கட்டி அறுவை, கதிர்வீச்சு என்று ஏதோ ஒரு காரணத்தால் ஏ.சி.டி.எச். (அட்ரினல் சுரப்பியைக் கார்டிசால் சுரக்கச் சொல்லும் பிட்யூட்டரி ஹார்மோன்) சுரப்பு நின்றவர்களுக்கு இன்றும் முதல் தேர்வு சாதாரண ஹைட்ரோகார்டிசோன் மாத்திரைதான். உடம்பு சுரக்கும் கார்டிசாலும் இதுவும் ஒன்றே. குறை, ரத்தத்தில் இதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் ஒன்றரை மணிதான். ஒரே வேளையாகப் போட்டால் பிற்பகலில் ஆள் சோர்ந்துவிடுவார்.

பெரியவர்களுக்கு வழக்கமாக நாளுக்கு 15–20 மி.கி. கண் விழித்ததும் 10, மதியம் 5, மாலை ஐந்துக்குள் 2.5 என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் பங்கீடு. இரவில் போட்டால் தூக்கம் கெடும். 5 மி.கி. மாத்திரையாக வாங்கினால் எல்லா வேளைக்கும் அதுவே போதும். அட்ரினல் சுரப்பியே பழுதாகும் அடிசன் நோய்க்கு, உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனுக்குப் பதிலாகத் தரும் ஃப்ளூட்ரோகார்டிசோன் இங்கே வேண்டாம். ஆல்டோஸ்டிரோனை ஆள்வது பெரும்பாலும் சிறுநீரகம் சுரக்கும் ரெனின், பிட்யூட்டரி அல்ல.

இன்னொரு ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் மலிவு, ஒரு வேளை போதும். ஆனால் அளவை நுணுக்கமாகக் கூட்டிக் குறைப்பது கடினம். மருந்துக்கடையில் "ரெண்டும் ஸ்டீராய்டுதானே" என்று மாற்றித் தந்தால் வாங்காதீர்கள்: 5 மி.கி. பிரெட்னிசோலோன் 20 மி.கி. ஹைட்ரோகார்டிசோனுக்குச் சமம். ஐரோப்பாவில் 2011-இல் அனுமதி பெற்ற பிளெனட்ரென் என்ற ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை மெல்லக் கரையும், காலையில் ஒன்று போதும், விலைதான் தடை.

தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சினும் தேவைப்பட்டால் முதலில் ஹைட்ரோகார்டிசோன், பிறகே அது. வரிசை மாறினால் தைராக்சின் கார்டிசாலை வேகமாகக் கரைத்து, கார்டிசால் பற்றாத உயிராபத்தான நெருக்கடியில் தள்ளும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடோயின் போடுபவர்களுக்கும், அவை ஹைட்ரோகார்டிசோனை வேகமாகக் கரைப்பதால், அளவு பற்றாமல் போகலாம். அளவு சரியா என்று ஏ.சி.டி.எச். பரிசோதனைக்குப் பணம் கொடுப்பது வீண். எடை, ரத்த அழுத்தம், சோடியம், மாலை நேரத் தெம்பு இவையே சொல்லிவிடும்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அளவு இரட்டிப்பு, 39-ஐத் தாண்டினால் மும்மடங்கு. இதை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கி வையுங்கள். மாத்திரை போட்ட அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி போடலாம். அதுவும் வெளியே வந்தால் மாத்திரையை நம்பாமல் 100 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் ஊசியைத் தொடையின் வெளிப்புறத் தசையில் போட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். ஊசி மருந்து பெரும்பாலும் குப்பியில் பொடியாக வருகிறது. கரைக்கும் நீர், சிரிஞ்சு, ஊசி மூன்றும் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டியவை. குப்பி மட்டும் ஃப்ரிட்ஜ் மேல் இருந்து பயனில்லை.