யுனிவர்சாலிஸ்: திருப்புகழ்மாலைக்கு ஒரு கைபேசித் துணை

கத்தோலிக்கத் திருச்சபை நாளின் வெவ்வேறு வேளைகளில் சொல்லும் மன்றாட்டான திருப்புகழ்மாலையைச் சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டு அந்தத் தடித்த புத்தகத்தைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், செபிப்பதைவிடப் பக்கம் தேடுவதுதான் பெரும்பாடு. இது திருவழிபாட்டு ஆண்டில் பொதுக்காலத்தின் எத்தனையாவது வாரம், திருப்பாடல்களின் (சங்கீதங்களின்) நான்கு வாரச் சுழற்சியில் எங்கே நிற்கிறோம், இன்றைய புனிதருக்குத் தனி மன்றாட்டு உண்டா என்று பக்கக்குறி நாடாக்களை மாற்றி மாற்றிப் போட்டுப் புரட்டவேண்டும். ஃபாதர்மாருக்கும் சிஸ்டர்களுக்கும் அது கைவந்த காரியம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டே கடற்கரை வரைக்கும் போகிற என்னைப் போன்றவர்களுக்கு நடக்காது. குருக்களோ துறவியரோ அல்லாத பொதுநிலையினரும் சொல்லலாம் என்று, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே சொல்லிவிட்டது. எப்படிப் புரட்டுவது என்பதை மட்டும் நம்மிடம் விட்டுவிட்டார்கள்.

யுனிவர்சாலிஸ் செயலி அந்தப் புரட்டலை எடுத்துவிடுகிறது. திறந்தால் இன்றைய நாள், இன்றைய புனிதர், காலை மன்றாட்டு முதல் இரவு மன்றாட்டு வரை எல்லாம் வரிசையாக நிற்கும். ஒன்றைத் தொட்டால் முன்னுரைப் பாடலிலிருந்து இறுதி ஆசி வரை ஒரே நீளமாக ஓடும். அன்றைய திருப்பலி வாசகங்களும் உண்டு. இணையம் இல்லாவிட்டாலும் வேலை செய்யும் என்பது எனக்குப் பெரிய விஷயம். ரயிலில் சிக்னல் போனாலும் மன்றாட்டு பாதியில் நிற்காது. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். விளம்பரம் இல்லை. ‘இன்று நீங்கள் செபிக்கவில்லை’ என்று முதுகில் தட்டிக்கொண்டிருப்பதும் இல்லை.

நிறுவியதும் முதலில் செய்யவேண்டியது, அமைப்புக்குள் போய் நாள்காட்டியை இந்தியாவுக்கு மாற்றுவது. இதை விட்டால் ஜூலை 3 அன்று மாட்டிக்கொள்வீர்கள். உலகத் திருச்சபைக்குப் புனித தோமா ஒரு விழா, நமக்கோ பெருவிழா. விழா என்றால் நற்செய்திக்கு முன் ஒரு வாசகம், பெருவிழா என்றால் இரண்டு. எங்கள் பங்குக் கோவிலில் நானும் வாசகம் வாசிக்கிறவள். வேறொரு இலவசச் செயலியை நம்பி ஒரு வாசகத்தை மட்டும் தயாரித்துக்கொண்டு வந்த தோழி, சக்ரீஸ்துவில் (திருப்பலிக்குத் தயாராகும் அறையில்) வாசக நூலைத் திறந்ததும் விழித்த விழி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆண்டவருடைய விண்ணேற்றமும் அப்படித்தான்; சில நாடுகளில் வியாழன், நமக்கு ஞாயிறு. செபச் செயலி ஒன்று நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நான் முதலில் திருப்புவது இந்த இரண்டு நாள்களைத்தான். பின்னணி இசையெல்லாம் அப்புறம்.

பாடங்கள் ஆங்கிலத்தில்தான். இதனால் நான் செயலியை ஒதுக்கவில்லை, பயன்படுத்தும் விதத்தை மாற்றிக்கொண்டேன். எந்தத் திருப்பாடல் என்று மட்டும் அதில் பார்த்துக்கொண்டு, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் தமிழில் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை காலைக்கு நான்கு வாரமும் முதலில் வருவது, “கடவுளே! உமது பேரன்பிற்கேற்ப எனக்கு இரங்கும்.” அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வாய் வராது. ஒன்றைக் கவனியுங்கள்: செயலியில் 50 (51) என்று இரண்டு எண் இருக்கும். பழைய கிரேக்கப் பதிப்பில் ஒன்பதும் பத்தும் ஒரே பாடலாகிவிட்டதால் அதன்பின் பெரும்பாலும் ஓர் எண் குறைந்தே போகும். நம் திருவிவிலியத்துக்கு அடைப்புக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள்.

செபமாலைக்குக் கைபேசி வேண்டுமா என்று கேட்டால், தனியாகச் சொல்பவர்களுக்குச் சரி. 2019இல் வத்திக்கானில் ஒரு மின்செபமாலையே அறிமுகமானது. கையில் காப்பு போல மாட்டிக்கொண்டு சிலுவை அடையாளம் போட்டால் உயிர்பெறும். ‘கிளிக் டு பிரே’ செயலியோடு சேர்ந்து வேலை செய்யும். திருத்தந்தையின் (போப்பின்) மாதாந்தரச் செபக் கருத்தைத் தெரிந்துகொள்ள அந்தச் செயலி எனக்குப் பயன்படுகிறது, அதோடு சரி. வீட்டில் எல்லாரும் கூடிச் சொல்லும்போது ஒலிப்பதிவு ஒத்துவராது. ‘அருள்நிறைந்த மரியே’ என்ற முன்பாதியையும் அதுவே சொல்லும், ‘புனித மரியே’ என்ற பின்பாதியையும் அதுவே சொல்லும். எங்கள் அத்தை இரண்டாம் மறையுண்மையிலேயே (இரண்டாம் பத்து மணிகளிலேயே) கேட்டுவிட்டார்: “அது பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போகுது, நாம எதுக்குடி உக்காந்திருக்கோம்?” அன்றோடு அணைத்துவிட்டோம். முன்பாதியை ஒருவர் தொடங்கி மற்றவர்கள் முடிக்கும் செபம் அது. இருமல் வந்தால் நிற்கவேண்டும், பால்காரர் கூப்பிட்டால் ஒருவர் எழுந்துபோய் வரும்வரை இழுத்துச் சொல்லவேண்டும். பதிவுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

கோவிலுக்குள்ளும் நான் செயலியைத் திறப்பதில்லை. திருப்பலியில் கைபேசியைத் தூக்கிப் பிடிப்பவர்களைப் பற்றி 2017 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் குறைப்பட்டுக்கொண்டார். குரு ‘இதயங்களை மேலே எழுப்புங்கள்’ என்கிறார், கைபேசிகளை அல்ல என்றார். ஆயர்களும் குருக்களும்கூட அப்படிச் செய்கிறார்கள் என்று சேர்த்துச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. வாசகத்தை முந்தின இரவே செயலியில் பார்த்துவிடலாம், வாசிப்பது மேடையிலுள்ள நூலிலிருந்து. ரயிலிலும் அறிவிப்புகளை நிறுத்திவிட்டுத்தான் தொடங்குகிறேன். இல்லாவிட்டால் இரவு மன்றாட்டில் வரும் சிமியோன் பாடலின் நடுவே குடும்பக் குழுவின் ‘குட் நைட்’ ரோஜாப்பூ மேலிருந்து இறங்கும்.

செயலிக்குக் காசு கட்டும் முன் யுனிவர்சாலிஸ் இணையத்தளத்தில் ஒரு வாரம் இலவசமாகச் சொல்லிப் பாருங்கள். திருப்பாடல் மொழிபெயர்ப்பு அங்கே வேறு, செயலியில் வேறு. என்னைப் போலத் தமிழில் சொல்லப்போகிறவர்களுக்கு அது பொருட்டில்லை. சொல்லப்போனால், வீட்டிலிருந்தே காலையும் இரவும் மட்டும் சொல்பவர்களுக்கு அந்தத் தளமே போதும். பயணத்தில் இருப்பவர்கள் வாங்கலாம்.