வேலையை விடாமல் முனைவர் பட்டம்: உயர்மட்ட விளையாட்டுத் துறையினருக்கான பகுதிநேரப் படிப்பு, நீண்டகாலப் பயன்பாட்டில்

கண்டிஷனிங் கோச், ஃபிசியோ, பர்ஃபார்மன்ஸ் அனலிஸ்ட், விளையாட்டு உளவியலாளர் என்று அணியில் வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டம் படிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது நேரத்தைப் பற்றித்தான். நேரம் சிக்கல்தான். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. நான்கைந்து ஆண்டுகள் நீங்கள் இதே அணியில், இதே பொறுப்பில் இருப்பீர்கள் என்று நம்பித்தான் இந்தப் படிப்புகளை வகுத்திருக்கிறார்கள். இந்தத் துறையில் அந்த நம்பிக்கைக்கு இடமே இல்லை. தலைமைக் கோச் போனால் அவரோடு பாதிப்பேர் மூட்டை கட்டிவிடுகிறார்கள். அதனால் படிப்பின் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்ப்பது நல்லது: நாளைக்கே வேலை போனால் ஆய்வில் என்ன மிஞ்சும்?

எந்த வகைப் பட்டம்

வழக்கமான பிஎச்.டி என்றால் ஒரே ஆய்வுக் கேள்வி, ஒரே ஆய்வேடு. தொழில்முறை முனைவர் பட்டத்தில் முதலில் பாடத்தாள்கள் வரும். பிறகு வேலையிடத்திலேயே நடக்கும் சில ஆய்வுகள், தொழில் சார்ந்த சுயமதிப்பீடு, கடைசியில் எல்லாவற்றையும் கோத்துக் காட்டும் நீண்ட விளக்கவுரை. டப்ளின் சிட்டி பல்கலைக்கழகம், லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம் போன்றவை இரண்டாவது வகையை விளையாட்டுத் துறையினருக்கென்றே நடத்துகின்றன. 'தொழில்முறை' என்ற அடைமொழியைப் பார்த்து மாற்றுக் குறைவு என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் இரண்டும் மிக உயர்ந்த நிலையான 8-ஆம் நிலைத் தகுதிதான். தொழில்முறைப் பட்டத்துக்கு அங்கே வழக்கமான கணக்கு 540 கிரெடிட். அதில் குறைந்தது 360 கிரெடிட் முனைவர் நிலையில் இருக்க வேண்டும்.

தேர்வு செய்வதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பயிற்சித் திட்டத்திலோ, காயம்பட்டவரைத் திரும்பக் களமிறக்கும் முறையிலோ உங்கள் சொல்லால் ஏதாவது மாறுமா? மாறும் என்றால் தொழில்முறைப் பட்டம் பொருந்தும். எண்களைத் தொகுத்து அறிக்கை அனுப்புவதோடு வேலை முடிகிறது என்றால் பிஎச்.டியே மேல். ஏனென்றால் தொழில்முறைப் பட்டத்தில் தேர்வாளர்கள் 'இந்த ஆய்வால் நடைமுறையில் என்ன மாறியது?' என்று கட்டாயம் கேட்பார்கள். மாற்றும் அதிகாரமே இல்லாதவரிடம் அதற்குப் பதில் இருக்காது.

விளையாட்டு அறிவியலாளர் ஆரன் கூட்ஸ் 2016-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அணிக்குள் இரண்டு வேகம் தேவை என்றார். அன்றைய முடிவை அன்றே எடுக்கும் வேகமான பணியாளர் ஒருவர். அந்த முடிவுகளுக்கு ஆதாரம் தேடும் நிதானமான ஆய்வாளர் ஒருவர். பகுதிநேர முனைவர் படிப்பில் இருவரும் ஒரே ஆள். களைப்புக்குக் காரணம் மணிக்கணக்கு மட்டுமல்ல, இந்த வேக மாற்றமும்தான். காலைப் பயிற்சியில் 'இவர் இன்று பாதி நேரம் போதும்' என்று அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு, மாலையில் அதே முடிவுக்கு ஆதாரம் போதாது என்று எழுத வேண்டியிருக்கும்.

முதல் ஆண்டு

பாடத்தாள்கள் பலரும் பயப்படும் அளவுக்குக் கடினம் இல்லை. சறுக்குவது சுயமதிப்பீட்டு எழுத்தில். அனுபவத்தை அலசுவதற்குக் கல்வியாளர் கிப்ஸ் 1988-இல் வகுத்த ஆறுகட்டச் சுழற்சியைக் கையில் கொடுத்தால், 'என்ன நடந்தது' என்ற முதல் கட்டத்துக்கே முக்கால் பங்கு போய்விடுகிறது. மேட்ச் ரிப்போர்ட் மாதிரி ஒன்று கைக்கு வருகிறது. நடந்ததை நான்கு வரியில் முடித்துவிட்டு, எந்த அனுமானத்தின் பேரில் அப்படிச் செய்தீர்கள், வேறு என்ன வழி இருந்தது, அதை ஏன் விட்டீர்கள் என்பதற்கு மீதி இடத்தைக் கொடுங்கள்.

இலக்கிய மீளாய்வை முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடுவது நல்லது. வேலை போனாலும் போகாத ஆய்வு அது. இரண்டு எச்சரிக்கைகள். முறைசார் மீளாய்வு (முன்பே வகுத்த விதிப்படி ஆய்வுகளைத் தேடித் தொகுப்பது) என்றால், அதை எழுதும் விதத்துக்கான வழிகாட்டியான பிரிஸ்மா 2020-இன் 27 அம்சங்களையும் தொட வேண்டும். தேடலில் கிடைத்த கட்டுரைகளை இரண்டாவது ஆள் ஒருவரும் தனியாகச் சலித்துப் பார்க்க வேண்டும். முழுநேர மாணவருக்கு ஆய்வுக்கூடத்தில் ஆள் கிடைக்கும், உங்களுக்குக் கிடைக்காது. உடன் படிக்கும் ஒருவரோடு 'உனக்கு நான், எனக்கு நீ' என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, தலைப்பு பரந்து கிடந்தால், என்னென்ன ஆய்வுகள் உள்ளன என்று மட்டும் தொகுத்துக் காட்டும் பரப்பாய்வாக மாற்றுங்கள். இரண்டையும் கலந்து செய்த மீளாய்வை இதழ்களும் ஏற்பதில்லை, தேர்வாளர்களும் ஏற்பதில்லை.

நெறிமுறை அனுமதி: அதிக நாள் பிடிப்பது இங்கேதான்

உங்கள் வீரர்கள்தான் உங்கள் ஆய்வில் பங்கேற்பாளர்கள். அவர்கள் அணியில் இருப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் நீங்களும் உட்கார்கிறீர்கள். அப்படியிருக்க நீங்களே கையெழுத்துக் கேட்டால் அது தன்விருப்பச் சம்மதம் ஆகுமா? இப்படிச் சார்ந்திருக்கும் உறவு உள்ள இடத்தில், அந்த உறவுக்கு வெளியே இருக்கும் தகுதியான ஒருவர்தான் சம்மதம் பெற வேண்டும் என்கிறது, மனிதரை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனம். நடைமுறையில் இதற்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்து விளக்க வேண்டும். நீங்கள் அறையில் இருக்கக் கூடாது. யார் ஒப்புக்கொண்டார், யார் மறுத்தார் என்ற பட்டியல் சீசன் முடியும்வரை உங்கள் கைக்கு வரக் கூடாது. விண்ணப்பத்தில் இதை முதலிலேயே எழுதிவிட்டால் நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பும் சுற்று ஒன்றாவது மிச்சமாகும்.

வேலைக்காக எப்படியும் எடுக்கும் அளவீடு வேறு, ஆய்வுக்காகக் கூடுதலாக எடுப்பது வேறு. இரண்டையும் விண்ணப்பத்தில் தனித்தனி அட்டவணையாகக் காட்டுங்கள். முன்பே சேர்ந்து கிடக்கும் பழைய டேட்டாவைப் பயன்படுத்தவும் தனி அனுமதி வேண்டும். ஐரோப்பாவில் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதியில் உடல்நலத் தகவல் சிறப்பு வகை. 'எல்லாம் எங்கள் சர்வரில்தானே இருக்கிறது' என்பது அனுமதி ஆகாது.

பெயரை நீக்கினால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்புவது சிறிய அணியில் எடுபடாது. கால்பந்து அணியில் 'கோல்கீப்பர், வயது 34, வலது முழங்கால் அறுவைசிகிச்சை' என்று எழுதினால் ரசிகர் எவரும் ஆளைச் சொல்லிவிடுவார். களத்தில் ஆடும் நிலையைத் தொகுப்பாகவும் வயதை இடைவெளியாகவும் எழுதுங்கள். காயத்தின் தேதியை விட்டுவிட்டு சீசனின் எந்தக் காலாண்டு என்று மட்டும் குறிப்பிடுங்கள்.

இந்தக் கட்டத்திலேயே வாங்க வேண்டிய கடிதம் ஒன்று இருக்கிறது. வேலையை விட்டுப் போனாலும், அடையாளம் நீக்கிய தரவை ஆய்வுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கிளப்போ சம்மேளனமோ எழுத்தில் தர வேண்டும். கோச்சின் வாய்வார்த்தை போதாது. கையெழுத்திடுபவர் நிர்வாகத்தில் நிரந்தரப் பொறுப்பில் இருப்பவராக இருக்கட்டும். லாகின் முடக்கப்பட்ட பிறகு கேட்டால் யாரும் பதில் எழுத மாட்டார்கள்.

தரவு: இரண்டு சீசன் தாங்குமா

இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் கழுத்தைப் பிடிப்பது இதுதான். வீரர் அணியும் ஜிபிஎஸ் கருவியின் ஃபர்ம்வேரோ மென்பொருளோ புதுப்பிக்கப்பட்டால் அதிவேக ஓட்டத்தின் தூரம் மாறிப்போகலாம். ஓடியவர் அதே ஆள், ஓடியதும் அதே ஓட்டம். வேக எல்லையை மணிக்கு 19.8 கிலோமீட்டரிலிருந்து 20-க்கு யாராவது 'முழு எண்ணாக' மாற்றியிருக்கலாம். ஒரு ஸ்பிரிண்ட் என்று கணக்கிடக் குறைந்தபட்சம் எத்தனை வினாடி அந்த வேகத்தில் இருக்க வேண்டும் என்ற அமைப்பு மாறினாலும் எண்ணிக்கை தாவும். ஒவ்வொரு வீரருக்கும் ஒரே யூனிட்டை ஒதுக்குங்கள். தொகுத்த அறிக்கையை மட்டும் நம்பாமல் மூலக் கோப்பையும் சேமித்து வையுங்கள். எக்செல்லில் நான்கே நான்கு பத்திகளோடு ஒரு மாற்றப் பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, எது மாறியது, யார் மாற்றினார், எந்தப் பயிற்சியிலிருந்து. படிப்பு முழுவதிலும் இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

காலால் தரையில் கொடுக்கும் விசையை அளக்கும் ஃபோர்ஸ் பிளேட்டில் குதிப்பை அளப்பதும் பார்க்கும்போது எளிது. வீரர் இடுப்பில் கை வைத்து அசையாமல் ஒரு வினாடியாவது நிற்க வேண்டும். அந்த வினாடியிலிருந்துதான் உடல் எடை கணக்கிடப்படுகிறது; அசைவு எந்த அளவைத் தாண்டினால் குதிப்பு தொடங்கியதாகக் கொள்வது என்ற வரம்பும், நிற்கும்போது விசையில் தெரியும் திட்ட விலக்கத்தின் ஐந்து மடங்கு என்று, அதிலிருந்தே எடுக்கப்படுகிறது. பத்துப் பேர் வரிசையில் நின்று அவசரப்படுத்தும்போது இந்த ஒரு வினாடிதான் முதலில் பறிபோகும். எடை தவறினால் உந்தத்தைக் கொண்டு கணக்கிடும் உயரமும் தவறும். காற்றில் இருந்த நேரத்தைக் கொண்டு கணக்கிடும் மென்பொருளில் வேறு தொல்லை: தரையிறங்கும்போது முழங்காலை மடக்கினால் உயரம் கூடிக் காட்டும். முதல் சீசனில் ஒரு கணக்கீட்டு முறை, இரண்டாவதில் இன்னொன்று என்று இருந்தால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது.

பயிற்சிக் கடுமையை வீரரே 10-க்கு இத்தனை என்று சொல்வதை நிமிடங்களால் பெருக்கும் ஃபாஸ்டரின் முறை மலிவானது, நம்பகமானதும்கூட. ஆனால் பயிற்சி முடிந்து அரைமணி கழித்து, தனியாக, சக வீரர் காதில் விழாமல் கேட்க வேண்டும். பேருந்தில் உரக்கக் கேட்டால் எல்லோரும் ஒரே எண்ணைச் சொல்வார்கள்.

விடுபட்ட தரவு தற்செயலாக விடுபடுவதில்லை. காயம்பட்டவரும் அணியிலிருந்து நீக்கப்பட்டவரும்தான் பட்டியலிலிருந்து மறைகிறார்கள். சராசரியை இட்டு நிரப்பினால் அணி உண்மையில் இருந்ததைவிட ஆரோக்கியமாகத் தெரியும். 25 வீரர், 40 வாரம், ஆக 1,000 மாதிரி என்று எழுதுவதும் செல்லாது; ஒரே ஆளிடமிருந்து திரும்பத் திரும்ப எடுத்தவை அவை, அதைக் கணக்கில் கொள்ளும் கலப்பு மாதிரி (mixed model) என்ற புள்ளியியல் முறைதான் வேண்டும். அதற்கு எக்செல் போதாது. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளை முதல் ஆண்டிலேயே பழகிவிடுங்கள்.

வேலையில் புழங்கும் கணக்குகள் சில வாய்மொழித் தேர்வில் உங்களுக்கே வினையாகும். ஏழு நாள் பயிற்சிச் சுமையை இருபத்தெட்டு நாள் சுமையால் வகுக்கும் விகிதத்தைப் பல அணிகள் இன்னும் திரையில் வைத்திருக்கின்றன. வகுக்கும் எண்ணுக்குள்ளேயே வகுபடும் எண்ணும் அடங்கியிருப்பதால் இல்லாத தொடர்பும் இருப்பதுபோல் தோன்றும். 2006-இல் பேட்டர்ஹாமும் ஹாப்கின்ஸும் முன்வைத்த அளவுசார் அனுமான முறை (ஒரு விளைவு பொருட்படுத்தும் அளவுக்குப் பெரியதா என்று கணிக்கும் புள்ளியியல் முறை) இந்தத் துறையில் கொடிகட்டிப் பறந்தது. 2018-இல் புள்ளியியல் ஆய்வாளர் சைனானி அதன் பிழைவிகிதங்களை வெளிக்கொண்டுவந்த பிறகு அதை வைத்து ஆய்வேடு எழுதுவது தற்கொலைக்குச் சமம். அணியில் அதைத் தொடர்ந்து பயன்படுத்துகிறீர்கள் என்றால், ஏன் என்று சொல்லத் தயாராக இருங்கள்.

நேர்காணல் ஆய்வு எளிது என்று இறங்குபவர்களும் உண்டு. ஒரு மணிநேரப் பேச்சைத் தானியங்கி எழுத்தாக்கம் செய்தாலும், உடைமாற்றும் அறைப் பேச்சுவழக்கைத் திருத்தி முடிக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும். பேச்சிலிருந்து கருப்பொருள்களை ஆய்வாளரே தன் பார்வையில் உருவாக்கும், பிரவுன், கிளார்க் என்ற உளவியலாளர்கள் இருவரின் சுயவிமர்சனக் கருப்பொருள் பகுப்பாய்வைப் பின்பற்றுகிறேன் என்று எழுதிவிட்டு, அடுத்த பத்தியிலேயே பேச்சை வகைப்படுத்திய இரு குறியீட்டாளர்கள் எத்தனை சதவீதம் ஒத்துப்போனார்கள் என்று போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அந்த இருவரே அது தங்கள் முறைக்குப் பொருந்தாது என்கிறார்கள். உங்கள் மேலதிகாரியை நீங்களே பேட்டி எடுக்காதீர்கள். வேறு அணிகளின் கோச்சுகளிடம் போங்கள். பேச்சும் திறந்திருக்கும், வேலை மாறினாலும் அந்த ஆய்வு உங்களோடு வரும்.

நாட்காட்டியும் வழிகாட்டியும்

பல்கலைக்கழகம் செமஸ்டரில் யோசிக்கும், நீங்கள் சீசனில் வாழ்கிறீர்கள். எழுத்து நடப்பது சீசன் இல்லாத வாரங்களில்தான்; சீசனுக்குள் வாசிப்பும் தரவுச் சுத்திகரிப்பும் மட்டும் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலிம்பிக் விளையாட்டில் இருப்பவர் நான்கைந்து ஆண்டு படித்தால் ஒரு ஒலிம்பிக் நிச்சயம் குறுக்கே வரும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் தொடக்க விழா ஜூலை 14-இல். அந்த ஆண்டு இடைநிறுத்தம் வேண்டுமானால் முந்தைய இலையுதிர் காலத்திலேயே படிவம் கொடுத்துவிட வேண்டும்.

வழிகாட்டிகள் இருவர் இருந்தால், அவர்களில் ஒருவராவது அணிக்குள் வேலை பார்த்தவராக இருக்கட்டும். மாதம் ஒரு பக்கம் அனுப்புங்கள்: செய்தது, தடைபட்டது, அவர்களிடம் கேட்க வேண்டியது. மூன்று மாதம் மௌனமாக இருந்துவிட்டு நாற்பது பக்கம் அனுப்புபவருக்கு எந்த வழிகாட்டியாலும் உதவ முடியாது.

நான்கு ஆய்வுகள் திட்டமிட்டால் குறைந்தது இரண்டு ஆய்வுகள் அணியைச் சாராதவையாக இருக்க வேண்டும்: ஒரு மீளாய்வு, ஒரு வெளி நேர்காணல் அல்லது கருத்துக்கணிப்பு. அணிக்குள் செய்பவற்றில் ஒன்றைப் பழைய தரவைக் கொண்டே முடிக்கும்படி அமையுங்கள். புதிய தலையீடு ஒன்றைச் செய்து பார்க்கும் ஆய்வுதான் எல்லோருக்கும் ஆசை. கோச் மாறிய வாரமே கைவிடப்படுவதும் அதுதான். அதைக் கடைசியில் வையுங்கள், நடக்காவிட்டாலும் பட்டம் நிற்காதபடி.

கிளப் ரகசியம் கேட்டால் ஆய்வேட்டைக் குறிப்பிட்ட காலம் பொதுப்பார்வையிலிருந்து நிறுத்திவைக்க வழி உண்டு. அதைச் சமர்ப்பிக்கும் நாளில் கேட்காமல் பதிவு செய்யும்போதே பேசி முடியுங்கள். வாய்மொழித் தேர்வின் தேதியையும் போட்டி அட்டவணையைப் பார்த்தே கேளுங்கள். சிறு திருத்தங்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் மூன்று மாதம் தருகின்றன. அந்த மூன்று மாதம் சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமில் விழுந்தால், ஒரு வாரத்தில் முடியும் திருத்தமும் கடைசி நாள்வரை இழுக்கும்.